வலது முழங்கால் ஒட்டு

என் மகளுக்கு எட்டு வயது. பேரணாம்பட்டில் என் அண்ணன் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகிறாள். கணவர் இறந்த பிறகு நான் செய்த ஏற்பாடு அது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் செக்‌ஷனில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறினால் வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். அதுவரை பிள்ளையைப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்காரவைக்க முடியாது. சனிக்கிழமை அண்ணன் அவளைக் கொண்டுவந்து விடுவார். ஞாயிறு சாயங்காலம் நான் கொண்டுபோய் விடுவேன்.

வாரா வாரம் அவள் ஜீன்ஸின் வலது முழங்கால் கிழிந்திருக்கும். ஓடுவது, சறுக்குவது, விழுவது எல்லாம் அவளுக்கு அந்த ஒரு காலில்தான். பார்த்ததும் திட்டுவேன். அந்தத் திட்டில் பாதி பொய். வாரம் முழுக்க நான் அந்தக் கிழிசலுக்காகத்தான் காத்திருந்தேன். சோறு போடுவது அண்ணி, தலை பின்னுவது அண்ணி, வீட்டுப்பாடம் பார்ப்பது அண்ணி. எனக்கு மிச்சமிருந்தது ஒரு முழங்கால். அதுவும் இல்லையென்றால் இவளுக்கு நான் எதற்கு என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

ஒட்டுப் போடுவதில் எனக்குக் கர்வம் வேறு. நாள் முழுக்க ஷூவின் மேல்தோலைத் தைக்கிறவள் துணியை வைத்து ஒட்டுப் போடுவதா? கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய தோல் விற்கிற கடையில் பழுப்பு நிற ஆட்டுத்தோல் துண்டு வாங்கி, ஓரத்தை மெலிதாகச் சீவிக்கொள்வேன். ஜீன்ஸின் பக்கத் தையலைப் பிரித்து, காலை விரித்துப் போட்டு, வீட்டு மெஷினில் தோல் ஊசி மாட்டித் தைப்பேன். அடுத்த வாரம் பார்த்தால் ஒட்டு அப்படியே இருக்கும், அதைச் சுற்றி ஜீன்ஸ் கிழிந்திருக்கும். இன்னும் பெரிய துண்டாக வெட்டுவேன். அண்ணி துவைக்கிற லட்சணம் அப்படி என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வந்தபோது முழங்காலில் என் தோல் ஒட்டைக் காணோம். உள்பக்கம் ஏதோ பழைய ஜீன்ஸின் பாக்கெட் துணியை வைத்து, கையாலேயே பொடிப்பொடியாகத் தைத்திருந்தது. அத்தை தைத்தார்கள் என்றாள் மகள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது போதாதா, இதையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது. நன்றிகெட்ட நினைப்புதான். ஆனாலும் நினைத்தேன்.

ஞாயிறு காலை அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போனதும் அந்தத் தையலை பிளேடால் பிரித்தேன். துணியை எடுத்த பிறகுதான் அந்தத் தையல் மறைத்திருந்தது தெரிந்தது. என் ஊசி போன தடம் முழுக்க ஜீன்ஸ் வட்டமாக அறுந்திருந்தது. தோல் ஊசியின் முனை கத்தி மாதிரி, தோலை வெட்டிக்கொண்டுதான் இறங்கும். துணியில் இறக்கினால் இழை இழையாக அறுத்துவிடும். பன்னிரண்டு வருஷம் அந்த ஊசியோடு உட்கார்ந்தவளுக்கு இது தெரியாததில்லை. தோல் கையில் வந்ததும் கை தானாகத் தோல் ஊசியைத் தேடிப் போயிருக்கிறது. பிள்ளை ஒரு தடவை கிழித்ததை நான் வாரா வாரம் பெரிதாக்கியிருக்கிறேன்.

சரி, அவள் வருவதற்குள் பழையபடி தைத்து வைத்துவிடலாம் என்று பார்த்தேன். தோலாக இருந்தால் ஊசித் துளை மூடவே மூடாது, அதே துளைகளில் நூலை விட்டுக்கொண்டு போகலாம். துணியில் அண்ணியின் ஊசி போன இடமே தெரியவில்லை. எங்கே தொடங்கினார் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மகள் உள்ளே வந்துவிட்டாள்.

"ஏம்மா பிரிச்ச? அது உறுத்தவே இல்ல."

"என்னோடது உறுத்துச்சா?"

கவுனைத் தூக்கி முழங்காலைக் காட்டினாள். என் ஒட்டின் அளவுக்கு வட்டமாக ஒரு சிராய்ப்பு, காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. துவைத்துக் காய்ந்த ஒட்டுத்தோல் விறைத்துப்போய் ஓடும்போதெல்லாம் அறுத்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ தைக்கிறப்ப மட்டுந்தான் சிரிச்சிக்கினு இருப்ப. அதான் சொல்லல."

எட்டு வயதுப் பிள்ளை எனக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஜீன்ஸையும் பாக்கெட் துணியையும் ஒரு பையில் போட்டு அண்ணியிடம் கொடுத்தேன். நான்தான் பிரித்தேன், நீங்களே தைத்துவிடுங்கள் என்றேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பையை வாங்கி வைத்துவிட்டு டீ போடப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, அண்ணி தைத்த முழங்கால் கிழியாமல் வந்தாள். ஞாயிறு முழுக்க நாங்கள் இருவரும் மூடி வைத்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தோம். என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சீக்கிரமே பஸ் ஏறிவிட்டோம்.

அண்ணன் வீட்டு வாசலில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் தன் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். நல்ல கெட்டிப் பொத்தான், வர மறுத்தது. பல்லால் நூலைக் கடித்துப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

"அடுத்த வாரம் நீயே தச்சிக் குடும்மா."

சட்டை அவளோடு பேரணாம்பட்டில் இருந்தது. பொத்தான் ஆறு நாள் என்னிடம் இருந்தது.