சுபநேரத்தில் போட்ட பூட்டு

எங்கள் யாழ்ப்பாண அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. யாரோ இறக்கிய சீட்டாட்டத்தோடு வைரஸும் வந்து சேர, இனி அனுமதித்த செயலிகள் மட்டுமே ஓட வேண்டும் என்று மனேஜர் முடிவெடுத்தார். நல்ல முடிவு. ஆனால் அதற்கும் பஞ்சாங்கம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல முகூர்த்தம் இருக்குது, தம்பி. அப்ப துவங்குவம்."

கணினிக்கு ஏது முகூர்த்தம் என்று எரிச்சலாக இருந்தது. "ஓம் சேர்" என்றேன்.

நல்ல நாள் எல்லோருக்கும் நல்ல நாள்தான். கணக்குப் பிரிவு அக்காவின் ஒரே மகனுக்கும் அதே வெள்ளிக்கிழமை லண்டனில் கலியாணம். அக்காவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். வீட்டில் இணையம் இல்லை, கையில் இருப்பது பட்டன் ஃபோன். அலுவலகக் கணினியில் வீடியோவில் பார்க்க மனேஜரிடம் கேட்டிருந்தார். அவரும் பெரிய மனதோடு தலையாட்டியிருந்தார். வீடியோச் செயலியையும் அனுமதிக்க வேண்டும் என்று என்னிடம் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

முகூர்த்தத்தில் பூட்டைப் போட்டேன். சற்று நேரத்தில், பட்டுச் சேலையோடு கணினி முன்னால் இருந்த அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, உது ஓடுதில்லை. நிர்வாகி தடுத்திட்டாராம். ஆர் அந்த நிர்வாகி?"

"நான்தான் அக்கா."

"சாமி வரங்குடுத்தாலும் பூசாரி இடங்குடுக்க மாட்டான் எண்டுறது சரிதான்."

இதில் பாருங்கள் என்று என் ஃபோனை நீட்டினேன். தன் வீடியோக் கணக்கின் கடவுச்சொல் அந்தக் கணினிக்குத்தான் தெரியும், தனக்குத் தெரியாது என்றார். மனேஜரின் அறைக்கு ஓடினேன். அவர் ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது; அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

"நல்ல நேரத்திலை துவங்கினதை இடையிலை நிப்பாட்டக் கூடாது, தம்பி. நேரம் முடியட்டும்."

"சேர், அங்கை தாலி கட்டுற நேரம் வந்திட்டுது. நிப்பாட்ட வேண்டாம். ஒண்டைச் சேர்ப்பம்."

சேர்ப்பது சுபம் என்று அவருக்குப் பட்டது. எழும்பி வந்து தன் கடவுச்சொல்லை அடித்தார். பதற்றத்தில் இரண்டு தரம் பிழைத்தது.

படம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மணப்பெண் கழுத்தில் தாலிக்கொடியோடு நின்றாள், சனம் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பொடியன் மெலிஞ்சு போனான்" என்றார் அக்கா.

மகன் திரைக்குக் கிட்ட வந்தான். "அம்மா, தாலி கட்டேக்கை பாத்தனீங்களோ?"

"ஓம் ராசா. வடிவாப் பாத்தனான்."

அவன் நம்பாதவன் போல எங்களைப் பார்த்தான். அக்காவின் கதிரைக்குப் பின்னால் நின்ற மனேஜர் குனிந்து, திரைக்குள் தன் முகம் தெரியும்படி தலையை நீட்டினார்.

"நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள், தம்பி."