கோல் அத்தைக்குக் கொடுத்த இரண்டு உயிர்

டீக்கடையில் ரேடியோ வைத்தவன் அதில் வருகிற அத்தனைக்கும் ஜவாப்தாரி. மழை வரும் என்று ரேடியோ சொல்லி, மழை வராவிட்டால், சாமை விதைத்தவன் என் கடை வாசலில் வந்துதான் நிற்பான். புளி விலை இறங்கினாலும் என்னைத்தான் முறைப்பான். கடையில் ரேடியோ வைத்து அவதிப்பட்டவர்கள் இதைப் படித்தால் நம்புவார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் கணியம்பாடிக்காரன். ஐந்தாவது வரை படிப்பு. எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலை மேலே, சந்தை கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்டு டீக்கடை வைத்தேன். கடை ஓடாவிட்டால் கீழே இறங்கி மச்சான் ஓட்டலில் எச்சில் இலை எடுக்க வேண்டும். மச்சான் அதை என் கல்யாணப் பந்தலிலேயே எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார். அதனால் ஆள் சேர்க்க ஒரு ரேடியோ வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு தொடர் நாடகம் வரும். அந்த நேரத்தில் மட்டும் முப்பது டீ போகும். எண்ணிக்கொண்டே ஊற்றுவது என் பழக்கம்.

டொக் டொக்

நாடகம் சென்னையில் ஒரு வீட்டைப் பற்றியது. மாமியார், மகன், மருமகள். மலை மறைப்பதால் பாதி இரைச்சலாக வரும். மீதிப் பாதி பட்டணத்துப் பேச்சு, எங்கள் மலையாட்களுக்குப் பிடிபடாது. முடிந்ததும் நான் கிளாஸ் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல், என்ன நடந்தது என்று நாலு வார்த்தை சொல்வேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு ஆகாத காரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாரும் மகனும் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் டொக் டொக் என்று கேட்டது. கடுக்காய் பொறுக்கி விற்கிற வெள்ளையன் அது இன்னா சத்தம் என்றான். பலா மரத்திலிருந்து வருகிற ஏரியல் கம்பி காற்றில் ஆடிக் கூரைத் தகரத்தில் இடிக்கிறது. இணைப்பும் லூசாக இருப்பதால் ஸ்பீக்கரும் கூடவே டொக் என்கிறது. இதை விளக்க எனக்குப் பத்து வாக்கியம் வேண்டும். அவ்வளவு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த வூட்டு அத்தை, பையனோட அப்பாகூடப் பொறந்தவங்க. கோல் ஊன்றி நடக்கறாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஏன் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று யாரோ கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் வெள்ளையனே பதில் சொல்லிவிட்டான்.

"கதவோரம் நின்னு ஒட்டுக்கேக்கறவ எங்கனா வாயத் தொறப்பாளா?"

ஆடி மாதத்தில்

அன்றிலிருந்து அவள் கோல் அத்தை. மாமியார் யார், மருமகள் யார் என்பதையெல்லாம் மறந்துவிட்டார்கள். அத்தை வந்தாளா, எத்தனை தடவை நடந்தாள், அதுதான் பேச்சு. காற்றில்லாத வாரத்தில் அத்தை வர மாட்டாள், கூட்டம் வாடிப்போகும். நான் சர்க்கரை டப்பா எடுக்கிற மாதிரி போய்க் கூரைக் கம்பத்தில் தோளைக் கொடுத்து லேசாக ஆட்டிவிட்டு வருவேன். ஒரு தடவை வாய் தவறி, அவளுக்கு ஊனம் இடது காலில் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எந்த வாரமும் நான் வலது கால் பக்கமே போகவில்லை. அவர்கள் ஞாபகம் அப்படி.

ஆடி வந்தது. மலைக்காற்று உங்களுக்குத் தெரியாது. அத்தை உட்காரவே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் அறைக்குள் தனியாகப் பேசுகிறார்கள், அங்கேயும் டொக் டொக். மகன் ஆபீசுக்குப் போகிறான், அங்கேயும் டொக் டொக். இரண்டு வாரம் இதைப் பொறுமையாகக் கேட்ட ஊர்க்கவுண்டர், எங்கள் பக்கத்து ஏழெட்டு ஊருக்கு நியாயம் சொல்கிற பெரியவர், மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

"மூலிகைத் தைலம்ப்பா, அந்தம்மா முட்டிக்கு ரெண்டு வேள தடவிக்கச் சொல்லி எழுது."

குப்பம்மாள் செய்த திருத்தம்

தேனும் புளியும் கொண்டுவந்து விற்கிற குப்பம்மாள் புருஷனை இழந்தவள். தம்பி வீட்டில் இருந்தாள். என் கடைக்கு வாரம் தவறாமல் வருகிறவள் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். சந்தையில் பார்த்தபோது, டீயில் ஏதாவது குறையா என்று கேட்டேன். டீயில் குறையில்லை, அத்தையில்தான் குறை என்றாள். தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறவள் எல்லாம் கோள்மூட்டியா, நீ பார்த்தாயா என்று கேட்டாள். நான் வடிகட்டி வாங்க வந்தவன், வாங்காமலே திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு நாடகத்தில் மாமியார் தன் நகையைத் தானே ஒளித்துவைத்து, மருமகள் திருடிவிட்டதாகப் பழி போட்டாள். மருமகள் அழுதாள். பிறகு நல்ல இரைச்சல். இரைச்சல் தெளிந்தபோது நகை கிடைத்துவிட்டிருந்தது. எப்படிக் கிடைத்தது என்பதை மலை விழுங்கிவிட்டது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் இரண்டு டொக் கேட்டது. அதை நான் செய்யவில்லை, காற்றுதான். அத்தை எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டு வைத்திருந்து, கோலால் பெட்டியைத் தட்டிக் காட்டிவிட்டாள் என்று சொன்னேன். கடையே எழுந்து நின்றது. நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க அன்றைக்கு வந்திருந்த குப்பம்மாள் மட்டும் உட்கார்ந்தபடியே, ரொம்ப நாள் கழித்து ஒரு டீ கேட்டாள்.

"அவ எதுக்கு ஒட்டுக்கேட்டான்னு இப்பத்தான் உனக்கே புரிஞ்சுதாண்ணே?"

எதிர்க்கடை

போளூரிலிருந்து முனிரத்தினம் என்பவர் வந்து எனக்கு நேர் எதிரே கடை போட்டார். சாய்மானம் வைத்த பெஞ்சு. வேலூரில் வாங்கிய மூன்று பேண்டு ரேடியோ. கம்பி கிடையாது, மரம் கிடையாது. ரேடியோவுக்குள்ளிருந்தே ஒரு குச்சியை உருவினால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. முதல் ஞாயிறு எனக்கு நாலு டீ போனது. அதில் ஒன்று நான் குடித்தது. மிச்சப் பாலைத் தயிருக்கு ஊற்றும்போது மச்சான் ஓட்டல் இலைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

சாயங்காலம் வெள்ளையன் ரோட்டைத் தாண்டி வந்து, அங்கே அத்தையைக் காணோம் என்றான். அத்தை பொய் என்று தெரிந்துவிட்டால், நான் போடுகிற டீத்தூளைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். யோசிக்காமல், அத்தை செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். செத்தவள் எந்த ரேடியோவில் வருவாள்? கணக்கு நேராகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வெள்ளையன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். குப்பம்மாள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சக்கரைய கொறைச்சே, சும்மா இருந்தேன், ஆளையே கொறைச்சிட்டு நிக்கறியேண்ணே."

மோளம்

மறுநாளே ஊர்க்கவுண்டர் பெரியவர்கள் சிலரோடு வந்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாடைக்கு யார் தோள் கொடுத்தது, கோடித்துணி யார் கொண்டுவந்தது என்று வரிசையாக விசாரித்தார். நான் கிளாஸ் கழுவினேன். கழுவின கிளாஸையே மறுபடியும் கழுவினேன்.

எங்கள் மலையில் ஒரு சாவு என்றால் மோளச் சத்தம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கேட்க வேண்டும். கேட்டால்தான் வந்து கூடுவார்கள், சடங்கு நடக்கும். சென்னையில் மோளம் அடிக்கிற வழக்கம் உண்டோ இல்லையோ என்று முனகிப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு கடை ரேடியோவையும் ஆள் வைத்து விசாரித்தாகிவிட்டது என்றார்.

"ரெண்டு ரேடியோவுலயும் மோளம் கேக்கல, அதனால இந்தச் சாவு செல்லாது, நீ நல்லா விசாரிச்சிட்டு ஞாயித்துக்கிழமை சொல்லு."

மறுவரவு

என் வாழ்நாளில் எனக்கு எதிராக வந்த தீர்ப்பில் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. ஞாயிறு கடை நிரம்பி ரோடு வரை ஆள். பாதி நாடகம் ஓடியும் இலைகூட அசையவில்லை. கூட்டத்தில் கம்பத்தின் பக்கம் போகவும் வழியில்லை. கடவுளே என்று நிற்கும்போது பலா மரம் சிலிர்த்தது. டொக். வெள்ளையன் பக்கத்திலிருந்தவனைக் கட்டிக்கொண்டான். டொக் டொக். மூன்று கிளாஸ் உடைந்தது, எண்ணினேன், வருத்தப்படவில்லை.

இத்தனை நாள் எங்கே போயிருந்தாள் என்று கேட்டார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலை சுற்றப் போயிருந்தாள், காணாததால் செத்துவிட்டாள் என்று எண்ணிவிட்டார்கள் என்றேன். சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று வெள்ளையன் கோபித்துக்கொண்டான். அவனுக்குக் குப்பம்மாள் பதில் சொன்னாள்.

"சொன்னா மட்டும் அனுப்பியிருப்பாங்களா?"

முனிரத்தினம் டீ குடித்தது

அதற்கப்புறம் எதிர்க்கடையில் சண்டை. உன் ரேடியோ அத்தையை முழுங்கிவிட்டது என்று முனிரத்தினத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், மூன்று பேண்டிலும் முள்ளைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடினார். கடைசியில் ஒரு ஞாயிறு, நாடகம் முடிந்த கையோடு என் கடைக்குள் வந்து, எல்லார் எதிரிலும், அத்தை என்று ஒருத்தி நாடகத்திலேயே இல்லை, இருந்தால் காட்டு என்றார். காற்று துளிகூட வீசவில்லை. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஊர்க்கவுண்டர் டீயை ஆற்றிக்கொண்டே, உன் ரேடியோ மலைக்குப் புதுசு, அத்தை பழைய ஆள், முன்பின் தெரியாத வீட்டுக்கு எப்படி வருவாள் என்று சமாதானமாகக் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். முனிரத்தினம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒரு டீ கேட்டார். அதற்கடுத்த வாரத்திலிருந்து நாடக நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, போண்டாக் கூடையோடு என் கடைக்கே வந்துவிட்டார். அவர் போண்டாவுக்கு என் டீ இன்னும் பத்து கூடப் போனது. கூடை காலியான ஒரு நாள், என் காதருகில் குனிந்து, சிரிக்காமல் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு ஒரு தம்பி கிம்பி இருந்தா சொல்லுண்ணே, என் கடையில வெச்சிக்கறேன்."

நாடகத்தை எழுதினவர் யாரோ, பேசி நடித்தவர்கள் யார் யாரோ, என்னை மச்சான் ஓட்டலுக்குப் போகவிடாமல் காப்பாற்றியது அதில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருத்திதான்.