செக்பொயின்றில் செத்துப்போகும் கார்

போன ஞாயிற்றுக்கிழமை என் கார் இருபது நிமிடம் வரிசையில் நின்றது... இன்ஜின் ஒருதரம்கூட நிற்கவில்லை! வந்த சந்தோசத்தில் நடுரோட்டில் கூத்தாடாத குறைதான்.

என்னிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீற். பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, இரண்டு காபரேற்றர் உள்ள வேறொரு இன்ஜினை ஏற்றியிருக்கிறேன். ஓடினால் பறக்கும். நின்றால்தான் தொல்லை. ஒரு மாதமாக ஐட்லிங், அதாவது கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், சரியில்லை — ஏறும், இறங்கும், பொசுக்கென்று செத்துவிடும்.

திருகோணமலையில் கார் ஓட்டுவதென்றால் பாதி நேரம் செக்பொயின்றில் நிற்பதுதானே? அங்கே போய்ச் செத்தால்... பின்னால் ஹோர்ன், முன்னால் ஆமிக்காரரின் துவக்கு. காபரேற்றரில் இருக்கும் ஸ்குரூவைத் திருகி ஐட்லிங்கைக் கூட்டினேன். கார் போட்ட சத்தத்தில் ஆமிக்காரர் துவக்கை நிமிர்த்திவிட்டார். பயந்துபோய்க் குறைத்தேன். மறுநாளே வரிசையில் செத்தது. சேலையோடு இறங்கித் தள்ளியது என் மனைவி.

"இஞ்சேருங்கோ, இன்னொருக்கா என்னைத் தள்ள வச்சீங்களெண்டால் இந்தச் சனியனை வித்துப்போட வேணும். சொல்லிப்போட்டன்!"

விற்பதா? என் உயிரைக் கேட்டிருக்கலாமே!

துறைமுகத்தடியில் படகு இன்ஜின் திருத்தும் நடராசா அண்ணையிடம் ஓடினேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஸ்குரூவைத் தொடவே இல்லை. 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்த இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கிருந்த ஓட்டையை விரலால் பொத்தினார். இன்ஜின் ஒரே சீராக... அடடா!

"இதில ஒரு ரப்பர் குழாய் இருந்திருக்க வேணும். ஆர் கழட்டினது?"

ஒரு மாதத்துக்கு முன் நடந்தது நினைவுக்கு வந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து இரண்டு போத்தல் தரச் சம்மதித்தார். உறிஞ்சி எடுக்கக் குழாய் வேண்டுமே? என் காரின் பொனற்றுக்குள், ஒரு நுனி இன்ஜினில் மாட்டியபடி, ஒரு ரப்பர் குழாய் எங்கும் போகாமல் சுருண்டு கிடந்தது. மறு நுனியில் ஒரு போல்ட் வேறு செருகியிருந்தது. வேலையில்லாத குழாய்தானே என்று பிடுங்கிவிட்டேன்.

"நான்தான் அண்ணை கழட்டினனான்."

"அது சும்மா கிடக்கேல்லை. காத்துப் போகாமல் அடைச்சு வச்சிருந்தது. ஓட்டையைத் திறந்து விட்டுப்போட்டு ஒரு மாசமா ஸ்குரூவைத் திருகியிருக்கிறியள்!"

நாம் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? கைக்கு எட்டுகிற ஸ்குரூவைத்தான் திருகுவோம்.

அவர் புதுக் குழாய்த் துண்டு போட்டு, நுனியைப் போல்ட்டால் அடைத்து, ஐட்லிங்கையும் அளவாக வைத்துத் தந்தார்.

ஞாயிறு தம்பலகாமத்துக்குக் கிளம்பினோம். செக்பொயின்றில் நீண்ட வரிசை. மனைவி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள் — தள்ளுவதற்கு ஆயத்தமாம்! ஐந்து நிமிடம்... பத்து... இருபது. இன்ஜின் சமர்த்தாக ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஆமிக்காரர் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கைகாட்டினார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது!

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாள்!

"இப்ப நல்லா ஓடுது, என்ன?"

"ஓம்! ஓம்!"

"அப்ப இப்ப வித்தால் நல்ல விலைக்குப் போகும்."