அரிசிப் பையில் ஒரு பற்றரி

காரை விட்டு நடக்கத் தொடங்கி வெகுநேரமாகியும், திரும்பிப் பார்த்தால் அது தெரிந்துகொண்டே இருந்தது. டென்மார்க்கின் யூட்லாந்து அப்படித்தான். நிலம் தட்டை. விட்டுவிட்டு வந்த எதுவும் லேசில் மறையாது. என் தோளில் ஒரு பசுமதி அரிசிப் பை. அதற்குள் காரிலிருந்து கழற்றிய பற்றரி. பை வழுக்கும்போதெல்லாம் ரோட்டோரத்துப் பனியில் இறக்கி வைத்து, தோள் மாற்றி, மறுபடி தூக்கினேன். சில தடவை இறக்கி வைத்தேன், சில தடவை அதுவாகவே விழுந்தது.

எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலை வேலை முடிந்திருந்தது. அவர்கள் நிறுத்தவில்லை, நான்தான் நின்றுகொண்டேன். ஒரே ஊரில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஊரை விடுவது பெரிய காரியமல்ல.

ஓகூஸ் நகரத்தில் ஓர் அண்ணை இருந்தார். சொந்தமில்லை. டென்மார்க்குக்கு வந்த புதிதில் அகதி முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டில். இப்போது ஒரு பண்டகசாலையில் பொறுப்பான ஆள், பெந்தெகொஸ்தே சபையில் மூப்பர். தன் மேலாளரிடம் எனக்காகப் பேசி வேலை எடுத்து வைத்திருந்தார். மறுநாள் காலை தொடக்கம். தன் வீட்டின் கீழறையையும் தருவதாகச் சொல்லியிருந்தார். "குடிக்கிற ஆளை மட்டும் நான் வீட்டிலை வைக்கமாட்டன். இது கடைசித் தரம், தம்பி. இனி உனக்காக ஒருத்தரிட்டையும் வாய் திறக்கமாட்டன்" என்று போனில் சொல்லியிருந்தார். அந்த அறையில் இருந்தவர் அன்று மாலைதான் போவதாக இருந்தது. அதனால் முந்தின இரவை வழியில் காருக்குள்ளேயே கழித்தேன்.

காருக்குள் படுப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த இரவின் குளிர் வேறு மாதிரி இருந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் மிச்சச் சூட்டுக்காகக் காற்று விசிறியைப் போட்டேன். விளக்கைப் போட்டேன். போனைச் செருகினேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விடிந்து சாவியைத் திருப்பியபோது ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. போனும் செத்துக் கிடந்தது.

வேறொருவன் என்றால் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருப்பான். இந்த நாட்டில் யாராவது நிறுத்துவார்கள். காருக்குக் கார் கேபிள் மாட்டி ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள். என் கை அதற்குள் ஸ்பானரை எடுத்துவிட்டது. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கை அது. எங்களுக்குப் பற்றரி என்றால் தூக்கிக்கொண்டு போகிற சாமான். சைக்கிள் கரியரில் கட்டி, ஜெனரேற்றர் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, பின்னேரம் போய் வாங்கிவருவோம். கார் என்பது அதில் சேர்த்தி இல்லை. அப்போது எங்களிடம் காரே இல்லை, பற்றரிதான் இருந்தது.

முதலில் வந்த வீட்டில் ஆளில்லை. அடுத்ததில் நாய் மட்டும் குரைத்தது. அதற்கப்பால் ஒரு பழைய பால்சாலைக் கட்டடம். புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக நீராவி போய்க்கொண்டிருந்தது. குரக்கன் மாவை வறுக்கும்போது வருகிற மாதிரி ஒரு மணம். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போனேன்.

ரப்பர் பூட்ஸ் போட்ட கிழவர்கள் நாலைந்து பேரும் ஒரு பெண்ணும் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் படகுத் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து பியர் காய்ச்சுகிற சங்கம் அது என்று பிறகு தெரிந்தது. விற்பதற்கில்லை. தாங்களே குடித்து, தங்களுக்குள்ளேயே குறை சொல்லிக்கொள்வதற்கு. அவர்கள் டேனிஷில் பேசியதை என் காதில் விழுந்த தமிழிலேயே எழுதுகிறேன். டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

"என்ன, அரிசி விக்க வந்தனியோ?" என்றாள் அந்தப் பெண். வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். குரலில் இன்னும் அந்த வேலை இருந்தது.

"பற்றரி. சார்ஜ் பண்ண வேணும்."

மெலிந்த கிழவர் ஒருவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். லொறி கராஜில் ஆயுசு முழுக்க வேலை செய்தவர். "கார் எங்கை?"

"அங்கை. ரோட்டிலை."

"காரை அங்கை விட்டிட்டு இதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தனியோ?"

"ஓம்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். "என்ரை கராஜுக்குக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை இருக்கினம். ட்ரக்டரிலை ஏத்திக்கொண்டு வந்தவையும் இருக்கினம். இப்பிடி ஒருத்தரும் வரேல்லை."

"நாளைக்கு நாலு சில்லுகளையும் உருட்டிக்கொண்டு வருவான்" என்றார் கிண்டிக்கொண்டிருந்தவர். "ஒரு கிழமை பொறுத்தியெண்டால் முழுக் காரும் வந்திடும்."

நானும் சிரித்தேன். சிரித்தபோதுதான் முகம் எவ்வளவு விறைத்திருந்தது என்று தெரிந்தது.

கராஜ்காரர் பற்றரியின் பக்கங்களைத் தடவினார். இரண்டு பக்கமும் வீங்கியிருந்தன. அதை நான் காலையிலேயே பார்த்திருந்தேன், பழசானதால் என்று நினைத்திருந்தேன். உறைந்துவிட்டது என்றார். சார்ஜ் நிறைய இருந்தால் எந்தக் குளிரையும் தாங்கும், சார்ஜ் இறங்கிப்போனால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான் என்றார். "இப்ப சார்ஜரைக் கொழுவினா வெடிச்சாலும் வெடிக்கும். முதல் உருகட்டும். பிறகு பாப்பம்." அண்டாவிலிருந்து தூரத்தில், பூட்ஸ் கழற்றும் அறையில், ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் அதை வைத்தார்.

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"நேரத்தோடை வீட்டை போக வேணுமெண்டு நினைச்சால், இன்னும் கனநேரம் பிடிக்கும்."

மாலைக்குள் ஓகூஸில் நிற்க வேண்டும், நாளைக்கு வேலை என்று சொன்னேன். சொன்னதால் ஒன்றும் உருகவில்லை. அந்தப் பெண் என் போனை வாங்கிச் சுவரில் செருகினாள். கறுப்புப் பாணும் அதில் தடவ ஈரல் பூச்சும் தந்தாள்.

காய்ச்சுகிற நாளில் யார் கதவைத் திறந்து உள்ளே வந்தாலும் அவர் கொஞ்ச நேரம் கிண்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கிண்டிய பிறகு, முந்திய தடவைகளில் காய்ச்சியதைக் குடித்துப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். நல்லாயிருக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. நான் கிண்டினேன். கஞ்சி மாதிரி கனமாக இருந்தது. பற்றரி சுமந்த தோள் கெஞ்சியது.

முதல் கிளாஸ் வந்தபோது அண்ணை சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. வேண்டாம் என்றேன். "ஓட்டுறதுக்குக் காரிலை பற்றரியே இல்லை" என்றார் கராஜ்காரர். அதற்கு மேல் எதிர்த்துச் சொல்ல என்னிடம் பலமில்லை. வாங்கினேன்.

அதுவரை நான் குடித்த பியர் எல்லாம் தகர டின்னில் வந்தது. வேலை முடிந்து, நின்றபடியே, தூக்கம் வருவதற்காக விழுங்கியது. அது என்ன ருசி என்று யாராவது கேட்டிருந்தால் குளிர் என்று சொல்லியிருப்பேன். இங்கே சின்னக் கிளாஸ். பியரும் குளிராக இல்லை. முதலாவது கபில நிறம். நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெல்லப்பாகை அடுப்பிலை வைச்சிட்டு ஆரோ கதைக்கப் போட்டினம்" என்றேன். "கொஞ்சம் கருகிப் போச்சு."

"கதைக்கப் போனது இவன்தான்" என்று எல்லோரும் ஒருவரைக் காட்டினார்கள். அவர் மறுக்கவில்லை.

இன்னொன்று புகை மணம். மாசிக் கருவாட்டை நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. கடைசியாக வந்ததில் அந்தப் பக்கத்துச் சேற்று நிலத்தில் முளைக்கும் ஒரு செடியைப் போட்டிருந்தார்கள். முதலில் கசாயம். பிறகு கசப்பு விலகி, எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி தொண்டைக்குள் ஒரு வாசம் நின்றது. அதை விழுங்க மனம் வரவில்லை. மர வாங்கிலில் உட்கார்ந்திருந்தேன். அண்டாவின் வெக்கை முதுகில் பட்டது. பல மாதங்களுக்குப் பிறகு, எங்கும் போகவேண்டும் என்ற நினைப்பு இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

"எப்பிடி?" என்றாள் அந்தப் பெண்.

"இது மோசமில்லை" என்றேன். அந்தப் பகுதியில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கராஜ்காரர் கிளாஸை மறுபடி நிரப்பினார்.

வெளியே வெளிச்சம் குறையத் தொடங்கியபோது அவர் தொட்டியைப் பார்க்கப் போனார். போனவர் கூப்பிட்டார். பற்றரி உருகியிருந்தது. அடிப்பக்கத்து வெடிப்பால் உள்ளேயிருந்த தண்ணீர் தொட்டியில் இறங்கியிருந்தது. "உறைஞ்சு வெடிச்சதோ நீ போட்டு உடைச்சதோ தெரியாது. ரெண்டும் ஒண்டுதான்." பற்றரி விற்கும் கடை பக்கத்து ஊரில், அதற்குள் பூட்டியிருக்கும் என்றார். அவருடைய ட்ரக்டர் பற்றரி என் கார் முழுவதையும் விடப் பெரிது என்றும் சொன்னார்.

"ஸ்டேஷனிலை கொண்டுபோய் விடுறன். ரெயினிலை போ. கார் எங்கையும் ஓடிப்போகாது" என்றாள் அந்தப் பெண். அது நல்ல யோசனை. ரெயினில் வருகிறேன் என்று சொல்ல அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"எங்கை நிக்கிறாய்? மனிசி சோறு போட்டு வைச்சிருக்கிறா."

"வழியிலை அண்ணை. பற்றரி உறைஞ்சு போச்சு."

"பற்றரி உறையிறதோ? இவ்வளவு காலம் இஞ்சை இருக்கிறன், ஒருத்தரும் எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை."

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."

பின்னால் யாரோ குடிக்க முன் கிளாஸோடு கிளாஸ் தட்டி "ஸ்கோல்" என்றார்கள்.

"அது என்ன சத்தம்?"

"பியர் காய்ச்சுற இடம் அண்ணை."

"தம்பி, டென்மார்க்கிலை உனக்கு வேறை கதவே கிடைக்கேல்லையோ?"

"இதுதான் திறந்து கிடந்துது."

"குடிச்சனியோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரெயினில் போய்ச் சேர்வதற்குள் மணம் போயிருக்கும். பொய்யைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போகத் தெம்பு இருக்கவில்லை. "ஓம்" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "ஹ்விடோவ்ரேயிலை நான் எடுத்துத் தந்த வேலையை நீ சொல்லாமல் கொள்ளாமல் விட்டிட்டுப் போன பிறகு அந்த மனேச்சற்றை முகத்தை என்னாலை பாக்க ஏலாமல் இருந்தது. இப்ப இஞ்சையும். நான் சபையிலை நிண்டு மற்ற ஆக்களுக்குப் புத்தி சொல்லுறவன், தம்பி. வராதை. வேறை ஆளைப் பாக்கிறன்."

"சரி அண்ணை."

"சாப்பிட்டனியோ?" என்றார்.

"ஓம்."

வைத்துவிட்டார். இனி ஸ்டேஷனுக்குப் போகத் தேவையில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தன் கார்ச் சாவியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். கோட்டைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினாள்.

அண்டாவில் மிஞ்சிய சக்கையை அள்ளிக்கொண்டு போக ஒரு பன்றிப் பண்ணைக்காரர் வந்தார். பியருக்குச் சாறு எடுத்த பிறகு மிஞ்சும் தானியம் பன்றிக்கு நல்ல தீனி. நானும் ஒரு வாளி பிடித்தேன். சக்கையிலிருந்து ஆவி பறந்தது. கராஜ்காரர் என் கதையை அவரிடம் சொன்னார், சில்லுகளையும் சேர்த்து. பண்ணைக்காரர் சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னட்டை வேலைக்கு நிண்ட ஒருத்தன் ருமேனியாவுக்குப் போட்டான். திரும்பி வாறானில்லை. பண்டி எண்டால் உனக்கு என்ன மாதிரி?"

"எனக்கும் பண்டிக்கும் இதுவரைக்கும் ஒரு கோபமும் இல்லை."

"மேலை ஒரு அறை இருக்கு. கட்டிலும் இருக்கு. நல்ல கட்டில் எண்டு சொல்லமாட்டன்."

போகிற வழியில் பண்ணைக்காரரின் ட்ரக்டரால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஸ்டியரிங்கில் நான் இருந்தேன். வண்டி தன் விருப்பத்தில் ஓடாதபோது ஸ்டியரிங் எவ்வளவு கனம் என்று முதல் தடவையாக அறிந்தேன்.

காலையில் பண்ணைக்காரர் தந்த பச்சை ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டேன். முன்பு போட்டவன் என்னைவிட உயரம், கால்களை மடித்துவிட வேண்டியிருந்தது. கொட்டிலுக்குப் பொறுப்பான உக்ரேன்காரி கையில் தண்ணீர்த் துப்பாக்கி மாதிரி ஒரு நீளக் குழாயைத் தந்தாள். அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு கையை விட்டால் அது திரும்பி முகத்தில் அடிக்கும் என்றாள். பன்றிகளை அடுத்த கொட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். சீமெந்தில் அவை விட்டுப்போனது கல்லு மாதிரி காய்ந்து கிடந்தது.

"அந்த மூலையிலை தொடங்கு" என்றாள். "வாசல் பக்கம் கழுவிக்கொண்டு வா. மத்தியானம் பாக்க வருவன்."

குழாயைத் திறந்தேன். மூலையில் தொடங்கினேன்.