எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டர் நான்தான். இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். கல்கத்தா பவானிபூரில் இட்லிக் கடை வைத்திருப்பவன், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், போனில் ஒரு வரி எழுத மூன்று முறை அழிப்பவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது உண்மை. பத்து வயதில் மூன்று மாதம் நான் கம்ப்யூட்டராக இருந்தேன். நல்ல கம்ப்யூட்டர் என்று பெயரும் வாங்கினேன்.

என்னைக் கம்ப்யூட்டர் ஆக்கியவள் என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா கல்கத்தாவுக்கு வந்து கடை போட்டபோது கூடவே வந்தவள். இங்கேயே பி.காம். முடித்து, பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தாள். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊர்ச் சுவர்களில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்த காலம் அது. அந்தச் சுவர்களை ஒட்டித்தான் அவள் தினமும் படிக்கப் போனாள்.

படித்த இடத்திலேயே, புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அத்தையோடு இன்னொருவரும் போட்டிக்கு இருந்தார். என்ஜினீயரிங் படித்தவர், கணீரென்ற குரல். ஆளுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். முதலாளி பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வார்.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “ஏட்டி, பூஜை லீவு வரைக்கும் பாரு. கெடைச்சா இரு. கெடைக்கலன்னா ஹவுரால ரயிலேத்தி விட்டுருவேன். ஊர்ல அண்ணன் மாப்ள பாத்து வச்சிருக்கான்.”

அத்தை ஊருக்குப் போய்விட்டால் என் கதி என்ன என்பதுதான் எனக்குக் கவலை. நான் பேசாத பையன். வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தி, தெருவில் வங்காளி. யாராவது ஏதாவது கேட்டால், எதில் பதில் சொல்வது என்று நான் தேடி எடுப்பதற்குள் கேட்டவர் போயிருப்பார். வாத்தியார்கள் அதைப் பாடம் தெரியாததாக எடுத்துக்கொண்டார்கள். பதில் வரும்வரை காத்து நிற்கிற ஒரே ஆள் அத்தைதான்.

வகுப்பு எடுத்துப் பழக வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? இன்ஸ்டிட்யூட்டில் நான்கு இருந்தன. ஏசி அறை, கண்ணாடிக் கதவு, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசிக்குப் பயந்து அப்படி வைத்திருந்தார்கள். நான் சாமிதான் உள்ளே இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கிடைத்ததோ வாரத்தில் ஒரு மணி நேரம். அதிலும் பாதி நாள் கரண்ட் இருக்காது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், எங்கள் வீட்டுச் சிவப்புத் தரையில் சாக்பீஸால் பாண்டி விளையாட்டுப் போல நான்கு கட்டங்கள் போட்டாள். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று எண் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கட்டளை. பக்கத்தில் தனியாக ஒரு பெட்டி, அதற்குப் பெயர் எக்ஸ். நான் கட்டம் கட்டமாகப் போய், எழுதியிருப்பதைப் படித்து, அப்படியே செய்ய வேண்டும்.

“ஏல, நல்லாக் கேளு. நான் என்ன எழுதிருக்கேனோ அதச் செய்யி. நான் என்ன நெனைக்கேன்னு நீ நெனைக்காத. என் மூஞ்சியப் பாக்காத. மிஷினு மூஞ்சி பாக்காது.”

யார் முகத்தையும் பார்க்காமல் வாழ வழி தேடிக்கொண்டிருந்த பையனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்! எனக்கு அந்த வேலை ஒரே நாளில் பிடித்துப்போயிற்று.

இன்னொரு சலுகையும் இருந்தது. அத்தை ஏதாவது எழுத்தைத் தப்பாகப் போட்டால் நான் கையைத் தூக்கி “சின்டாக்ஸ் எரர்” என்று சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் தப்பு என்று சொல்ல எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை அதுதான். அந்தத் தைரியத்தில் ஒருநாள் அப்பா, “ஏல, அங்க போயி அத எடுத்துட்டு வா” என்றபோது, “சின்டாக்ஸ் எரர்” என்றேன். எங்கே, எதை என்று சொல்லாவிட்டால் எந்த மிஷின்தான் எடுத்து வரும்? தலையில் ஒரு குட்டு விழுந்தது. அத்தை அடுக்களையில் போய் நின்று சிரித்தாள்.

நடுவில் என்னை நிறுத்த வேண்டுமென்றால் தலையைத் தொட வேண்டும். அதற்குப் பெயர் பிரேக். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இப்போதுள்ள சாமான்களைப் பார்க்கும்போது அந்த நாட்களை நினைத்துக்கொள்வேன். என் போனில் “நாளை” என்று எழுதினால் போதும், “வருகிறேன்” என்று அதுவே சேர்க்கிறது. நான் வரவில்லை என்று எழுத நினைத்திருப்பேன். டிவி, இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்கிறது. துணி துவைக்கிற மிஷின் வேலை முடிந்ததும் பாட்டுப் பாடி ஆளைக் கூப்பிடுகிறது. எல்லாம் என் மனதைத் தெரிந்தது போலவே நடக்கின்றன. புரியவில்லை என்று ஒன்றாவது ஒப்புக்கொள்ள வேண்டுமே! நான் கம்ப்யூட்டராக இருந்த காலத்தில், புரியாவிட்டால் கையைத் தூக்கினேன்.

வகுப்பு எடுத்துக் காட்டும் நாள் வந்தது. ஆண்கள் நிறைந்த வகுப்புக்குப் பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். எனவே இருபத்திரண்டு வயது அத்தைக்குப் பாதுகாப்பாக, தெரு நாயைக் கண்டால் அவள் பின்னால் ஒளிகிற பத்து வயது ஆண்பிள்ளை அனுப்பப்பட்டான்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிற பெரிய மனிதர்கள். முன் வரிசையில் ஒரு துறைமுக ஆபீஸ் கிளார்க். உள்ளேயும் குடையை விடாமல் மடியில் வைத்திருந்ததால் நான் அவரைக் குடை பாபு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் வருகிறது என்று அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். பயத்தை அவர் கோபமாக முகத்தில் வைத்திருந்தார்.

அத்தை மிஷினைத் தொட்டாள். அந்த நிமிஷம் கரண்ட் போயிற்று.

முதலாளி எழுந்தார். என்ஜினீயர் நேற்றே வகுப்பு எடுத்துவிட்டார், இனி இன்னொரு நாள் எதற்கு என்பது போல வாட்சைப் பார்த்தார். அத்தை மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்தாள். பிறகு அவள் வங்காளியில் சொன்னாள்: “பரவாயில்லை சார். நான் கம்ப்யூட்டரைக் கூடவே கூட்டி வந்திருக்கிறேன்.”

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே ஓடியிருப்பேன். ஆனால் அத்தை ஏற்கெனவே தரையில் கட்டம் போட ஆரம்பித்திருந்தாள். அதுவும் சிவப்புத் தரைதான்.

பத்தில் ‘எக்ஸ் என்பது ஒன்று’. இருபதில் ‘எக்ஸைச் சொல்’. முப்பதில் ‘எக்ஸ் என்பது எக்ஸ் கூட்டல் ஒன்று’. இதை எழுதியதுமே குடை பாபு குடையால் தரையைத் தட்டினார்.

“இது என்ன அநியாயம்? எக்ஸும் எக்ஸ் கூட்டல் ஒன்றும் எப்படிச் சமமாகும்? என் கணக்கு வாத்தியார் இருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பார்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லோரும் அல்ஜீப்ரா படித்தவர்கள். எனக்கு அல்ஜீப்ரா தெரியாது, அதனால் குழப்பமும் இல்லை. பெட்டியில் ஒன்று எழுதி, “ஒன்” என்று சொல்லி, முப்பதாவது கட்டத்தில் நின்றேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். ஒன்று. ஒன்றைக் கூட்டினேன். பழையதை உள்ளங்கையால் அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். அவ்வளவுதான்.

“ஓ!” என்றார் ஒருவர். “சமம் இல்லை. எடுத்து, கூட்டி, திரும்பப் போடுவது!”

பன்னிரண்டு பெரிய மனிதர்களுக்குப் புரியாத ஒன்று என் உள்ளங்கையால் புரிந்தது. என் வாழ்க்கையில் அதுபோல நெஞ்சு நிமிர்ந்த நாள் அதற்குப் பிறகும் அதிகம் இல்லை.

ஆனால் குடை பாபு விடுவதாக இல்லை. “முகஸ்தோ!” என்றார். மனப்பாடம் என்று அர்த்தம். “அத்தை வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பையன் கிளிப்பிள்ளை மாதிரி செய்கிறான். இதுவா கம்ப்யூட்டர்?”

அத்தை நாற்பதாவது கட்டத்தை எழுதினாள். வீட்டில் அங்கே எப்போதும், ‘எக்ஸ் ஆறுக்குக் குறைவாக இருந்தால் இருபதுக்குப் போ’ என்று இருக்கும். ஐந்து வரை சொல்லி நின்றுவிடுவேன். அன்று, ‘இருபதுக்குப் போ’ என்று மட்டும் எழுதினாள். எங்கே நிற்க வேண்டும் என்பதை விட்டுவிட்டாள்.

எழுத்துப் பிழையாக இருந்தால் கையைத் தூக்கலாம். இது பிழையே இல்லை. இருபதுக்குப் போ என்றால் போக வேண்டும். போனேன். “டூ.” முப்பது, நாற்பது, மறுபடி இருபது. “த்ரீ.” “ஃபோர்.” “ஃபைவ்.” வழக்கமாக நிற்கிற இடம். நானே நின்றுவிட்டால் அத்தையின் தப்பு யாருக்கும் தெரியாது. ஆனால் நின்றால் குடை பாபு சொன்னது உண்மையாகிவிடும். மனப்பாடம்தான்.

“சிக்ஸ்” என்றேன்.

பத்து தாண்டியது. இருபது தாண்டியது. சிரிக்க ஆரம்பித்தார்கள். முப்பதில் ஒருவர், “தாம் ரே கோகா, நில்லுடா!” என்று கத்தினார். மிஷினுக்குக் காது கிடையாது. அத்தை வந்து தலையைத் தொட வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவள் வரவில்லை. விதியை மீறி ஒரே ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தேன். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்திருந்தாள். கண்ணில் நீர் தளும்பியது. முந்தானை நுனியைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. பயத்தில் பிரேக்கையே மறந்துவிட்டாள், பாவம். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

நாற்பதைத் தாண்டியபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது. எப்படி நிறுத்துவது என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“அதைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை, எழுதினால்தான் கேட்கும்.”

“எங்கே எழுதுவது?”

“கடைசிக் கட்டத்தில்!”

குடை பாபு எழுந்தார். குடையை நாற்காலியில் வைத்துவிட்டு, முழங்கால் முறியத் தரையில் உட்கார்ந்து, அத்தையிடம் சாக்பீஸ் வாங்கி, நாற்பதாவது கட்டத்தில் முன்னால் சேர்த்து எழுதினார்: ‘எக்ஸ் ஐம்பத்தெட்டுக்குக் குறைவாக இருந்தால்’.

“ஏன் ஐம்பத்தெட்டு?” என்றார் யாரோ.

“நான் ரிடையராகிற வயசு. இதுவும் அங்கேயே நிற்கட்டும்.”

“ஃபிஃப்டி செவன்” என்றேன். பெட்டியில் ஐம்பத்தெட்டு எழுதினேன். நாற்பதாவது கட்டத்துக்கு வந்தேன். குறைவா? இல்லை. நின்றேன். வேலை முடிந்ததற்கு அடையாளமாக “ரெடி” என்றேன்.

கைதட்டினார்கள். அப்போது என் தலையில் ஒரு கை விழுந்தது. குடை பாபுவின் கை. “நான் ஒரு மிஷினை நிறுத்திவிட்டேன், பார்த்தீர்களா?” என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த கோபத்தைக் காணோம்.

முதலாளி வாசலில் அத்தையிடம், “திங்கட்கிழமை வந்துவிடுங்கள்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இந்த மிஷினையும் கூட்டி வாருங்கள், இதற்குக் கரண்ட் வேண்டாம்” என்றார்.

திரும்பும் வழியில் அத்தை ஜால்முரி வாங்கித் தந்தாள். காகிதப் பொட்டலத்திலிருந்து பொரியை அள்ளித் தின்றபடியே, “ஏல, அந்த நாப்பதாவது கட்டத்துல...” என்று ஆரம்பித்தாள். அவள் வெட்கப்படக் கூடாது என்று நான் முந்திக்கொண்டேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. நான் எதையும் பாக்கல.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிச்சப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். அத்தை ஊருக்குப் போகவில்லை. அவள் தப்பை மறைத்து அவளைக் காப்பாற்றியவன் நான் என்ற பெருமையோடு நான் வளர்ந்தேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக்கு வந்தபோதும் அந்தப் பெருமை கூட வந்தது. யாரிடமும், என் மனைவியிடம்கூட, அந்த விஷயத்தை நான் சொன்னதில்லை.

அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று இப்போது இதே ஊரில், டாக்குரியாவில் இருக்கிறாள். சும்மா இருக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பு எடுக்கிறாள். நான் அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டு அர்த்தம் விசாரித்து, அவர்கள் எல்லோரும் அவளை வங்காளியில் பிஷி என்கிறார்கள். பாடம் இப்போது பைத்தான் என்ற மொழியில். கட்டங்களுக்கு எண் இல்லை. ஆளுக்கொரு லேப்டாப் இருக்கிறது. ஆனால் முதல் நாள் அதை மூடி வைக்கச் சொல்கிறாள்.

போன வாரம் புது வகுப்பு ஆரம்பித்த நாளில் இட்லி கொண்டுபோயிருந்தேன். தரையில் கட்டங்கள். நாலாவது மாடிச் சிறுமி ஒருத்தி கம்ப்யூட்டராகி எண்களைச் சொல்லிச் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டங்களைப் பார்த்தேன். எங்கே நிற்க வேண்டும் என்ற வரி இல்லை.

அத்தைக்கு வயசாகிவிட்டது, மறுபடி மறந்துவிட்டாள். தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தையிடம் போகப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்த அந்தச் சிறுமியின் அம்மா என் பதற்றத்தைக் கவனித்துவிட்டாள்.

“பயப்படாதீங்க அண்ணா. முதல் நாள் பிஷி அந்த வரியை எழுதவே மாட்டாங்க. என் பெரியவன் படிச்சப்பவும் இப்படித்தான். நிறுத்துறதைப் பிள்ளைங்களே கண்டுபிடிக்கணுமாம்.”

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்திருந்தாள். கண்ணில் நீர் தளும்பியது. முந்தானை நுனியைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. அடக்க முடியாத சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து இட்லி பரிமாறும்போது, “என்னல, ஒரு மாதிரி இருக்க?” என்று கேட்டாள். பதிலுக்காக வழக்கம்போலக் காத்து நின்றாள். ஒன்றுமில்லை அத்தை என்றேன். இத்தனை வருஷம் காத்த ரகசியத்தை இனியும் காப்பதுதான் மரியாதை என்று பட்டது.

பஸ்ஸில் வரும்போது போனை எடுத்தேன். முகத்தைக் காட்டியதும் திறந்துகொண்டது. கூட்டத்தில் நசுங்கி, வேர்த்து, எப்படி இருந்தாலும் என் முகத்தை அது தப்பாமல் கண்டுபிடிக்கிறது. அன்று ஐம்பத்தேழு எண்களில் ஒன்றைக்கூட நான் தப்பாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை பார்த்த அத்தையின் முகத்தைத்தான் தப்பாகப் படித்திருந்தேன்.