ஐந்தடி ஆறு அங்குலமும் ஒரு இன்வர்ஷன் டேபிளும்

இன்று காலை வாசலில் ஒருவர் வந்து நின்று, "மேடம், இன்வர்ஷன் டேபிள் ரிட்டர்ன் எடுக்க வந்துக்கிறேன்" என்றார்.

நான் அப்போது அதில்தான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

(ரிட்டர்ன் போட்டது நான் இல்லை.)

தெரியாதவர்களுக்கு: நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவள். பதினெட்டு வருடங்களாகக் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு, பலகையில் உட்கார்ந்து, நாள் முழுக்க முன்னால் குனிந்தபடி வேலை.

ஆறு மாதங்களாக இடுப்பு ஒத்துழைக்க மறுக்கிறது. "முதுகைப் பாத்துக்கோங்க, இல்லாட்டி தறியை விட்டு எறங்கிடுங்க" என்றார் பிசியோதெரபி செய்யும் பெண்.

இறங்குகிற உத்தேசம் எனக்கு இல்லை.

கணுக்காலைப் பூட்டிக்கொண்டு தலைகீழாகச் சாய்ந்து முதுகை நீட்டுகிற இந்த டேபிளைப் பற்றி அவரிடமே கேட்டேன். "அக்கா, இது எல்லாருக்கும் ஒத்துவராது. பிபி, கண் பிரஷர் ரெண்டும் டாக்டர்கிட்ட பாத்துக்கினு வாங்க. அவரு சரின்னா லேசா சாஞ்சா போதும், ரெண்டே நிமிஷம். பக்கத்துல ஆள் இருக்கணும். சர்க்கஸ் வேணாம்!"

டாக்டரைப் பார்த்தேன். சரி என்றார்.

மூன்று வாரம் ரிவ்யூ படித்தேன். (மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க எனக்குக் கிடைத்த அவகாசம் ஒரு டம்ளர் காபி.)

சில மாடல்களில் கணுக்கால் பூட்டை மாட்டவே தரைவரை குனிய வேண்டும். அப்படிக் குனிய முடிந்தவள் இதை ஏன் வாங்குகிறாள் என்று செய்தவர்கள் யோசிக்கவில்லை போலும். நின்றபடியே பூட்ட நீளக் கைப்பிடி வைத்த மாடலாக வாங்கினேன். ஓர் அளவுக்கு மேல் சாயாமல் பிடித்து நிறுத்த அதில் ஒரு பட்டையும் உண்டு.

வீட்டில் இதற்கு உயரம் போதுமான இடம் தறிக்கூடம் மட்டுமே. தறிக்கு மேலே, புடவையில் பூவேலை எழுப்பும் ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டுமென்று அங்கேதான் கூரையைத் தூக்கிக் கட்டியிருக்கிறோம்.

இந்த டேபிளின் உயிர் ஒரு பின்னில் இருக்கிறது. படுப்பவரின் உயரத்துக்கான துளையில் அதைச் செருக வேண்டும். சரியாகச் செருகினால், கையைத் தலைக்கு மேல் நீட்டும்போது சாயும். கையை இறக்கினால் நிமிரும். குட்டையானவரின் துளையில் நெட்டையானவர் படுத்தால் தலைப்பக்கம் கனத்துவிடும். போனவர் திரும்ப மாட்டார்.

என் வீட்டுக்காரர் மேனுவல் படிக்கிற வழக்கமில்லை. தன் உயரத்துக்கே செருகிவிட்டார்.

"எனக்கு வேற ஓட்டையில போடணுங்க."

"நமக்குள்ள இன்னாம்மா வித்தியாசம்? ரெண்டு பேரும் ஒரே ஒயரந்தான!"

இங்கே ஓர் உண்மையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் ஐந்தடி ஆறு அங்குலம். அவர் ஐந்தடி நான்கு. இருவரும் ஒரே உயரம் என்பது கல்யாணப் பேச்சின்போது இரு வீட்டாரும் எடுத்த முடிவு. அதை இதுவரை யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை. கல்யாண போட்டோவில் நான் சற்றுக் குனிந்துதான் நிற்கிறேன்.

(என் முதுகுவலியின் தொடக்கத்தைத் தறிக்குழியில் தேடும் மருத்துவர்களின் கவனத்துக்கு.)

படுத்தேன். கையை நீட்டினேன். சாய்ந்தது. கையை இறக்கினேன். நிமிரவில்லை!

பட்டை பிடித்துக்கொண்டதால் முழுதாகக் கவிழவில்லை. அந்த நேரம் பார்த்து, திருப்புட்குழியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் உள்ளே வந்தாள்.

"ஐயோ, இன்னா அண்ணி இது! வவ்வாலு மாதிரி தொங்கிக்கினு!"

"தொங்கலம்மா, மாட்டிக்கினு இருக்கேன். உங்க அண்ணனக் கூப்புடு."

அவர் வந்து தூக்கி நிமிர்த்தினார். அதற்குள் விசாரணை தொடங்கியிருந்தது.

"தறி இருக்கிற எடத்துல காலத் தூக்கலாமா அண்ணி? வூடு வெளங்குமா?"

"அந்தத் தறிய பதினெட்டு வருஷமா காலாலதாம்மா மிதிச்சிக்கினு இருக்கேன். நீ கட்டியிருக்கிற பொடவையும் அப்படித்தான் வந்துச்சு."

அவள் குனிந்து புடவையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, "மொதல்ல இத அனுப்பிச்சுடுண்ணா" என்றாள்.

மறுநாள் நானே மேனுவலைப் படித்து, பின்னை இரண்டு துளை தள்ளிச் செருகினேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு நிமிடம். போகிறேன், திரும்பி வருகிறேன்.

வலி பறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குழியில் இறங்கும்போது சுவரைப் பிடிப்பதில்லை. அவ்வளவுதான்.

இப்படியிருக்க, இன்று இந்த ரிட்டர்ன்.

நிமிர்ந்து, பூட்டைக் கழற்றி, வாசலுக்குப் போனேன். பக்கத்துத் தறியில் இருந்த வீட்டுக்காரர் அவசரமாக அறுந்த இழை ஒன்றைத் தேட ஆரம்பித்தார். (எதுவும் அறுந்திருக்கவில்லை.)

"காரணம் இன்னான்னு போட்டிருக்குது தம்பி?"

அவர் போனைப் பார்த்தார். "'அளவு பொருந்தவில்லை'ன்னு இருக்குதுக்கா."

"யாருக்குப் பொருந்தலையாம்?"

"அது போடலக்கா. ஓடிபி சொன்னீங்கன்னா எடுத்துக்கினு போயிடுவேன்."

ஓடிபி வீட்டுக்காரரின் போனுக்குத்தான் வரும். நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஓடிபிய சொல்லுங்க. கூடவே, அளவு யாருக்குப் பொருந்தலன்னும் அந்தத் தம்பிகிட்ட சொல்லிடுங்க. டேபிள் போனா போவுது, நான் தரையில படுத்தாவது முதுக நிமுத்திப்பேன். ஆனா இனிமே எந்த போட்டோவுலயும் குனிய மாட்டேன்."

வீட்டுக்காரர் குழியிலிருந்து ஏறி வந்தார். என் பக்கத்தில் நின்றார். வந்த தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அளந்துவிட்டார் என்று தெரிந்தது.

"கேன்சல் பண்ணிடுப்பா."

"கேன்சலுக்கும் காரணம் கேக்குது சார். இன்னான்னு போடட்டும்?"

வீட்டுக்காரர் என்னை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"வூட்ல ஒயரமானவங்க இருக்காங்க, அவங்களுக்கு வேணுமாம்னு போடுப்பா."

இந்தப் பதிவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரும் ரகசியமாகப் போட்டுவிட வேண்டாம்.

நானே போட்டுவிட்டேன்.