குளியல் தொட்டியில் இருபத்தெட்டுப் பாகை

நன்னீர் இறாலுக்கு இருபத்தெட்டுப் பாகை வெப்பம் பிடிக்கும். இருபத்தாறிலிருந்து முப்பத்தொன்று வரை முகம் சுளிக்காமல் இருக்கும். இருபதுக்குக் கீழே போனால் சாப்பாட்டை மறுக்கும். பதினைந்தை நெருங்கினால் உயிரையே மறுத்துவிடும். இலங்கையில் இறால் குஞ்சு வளர்க்கும் நிலையமொன்றில் பயிற்சி பெற்றபோது இதையெல்லாம் படித்தேன். பிறகு இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்கத் தொடங்கியதும், அந்தப் படிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர் மாதம், அத்தான் அதற்கு வேலை கொண்டுவந்தார்.

நாங்கள் மூன்று பேர், அக்கா, அத்தான், நான், அதே ஊரில் அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அத்தான் போர்கோ வெக்கியோவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அங்கே அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்பது குறைவான சொல். வீட்டில் முட்டை பொரிக்கும்போதுகூட, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சட்டியை உதறி முட்டையை மேலே எறிந்து பிடிப்பார். சில நாட்களில் முட்டை சட்டிக்குத் திரும்பி வரும்.

அந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவர் பெரிய வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டியொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். மூடியைத் திறந்தேன். தண்ணீரும் காற்றும் நிரப்பிக் கட்டிய பைகள். உள்ளே ஒரு சாண் நீளத்தில், நீலக் கொடுக்குகளோடு, உயிருள்ள ஆற்று இறால்கள்.

"உதென்ன அத்தான்?"

"ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்திலை மாப்பிள்ளை மேசைக்கு வந்தது, மச்சாள். மாப்பிள்ளை தாய்லாந்துக்குப் போய்த் திண்டிட்டு வந்து, அதுதான் வேணுமெண்டு நிக்கிறானாம். சாமான் முந்தி வந்திட்டுது. பத்ரோனே, எங்கடை முதலாளி, ரெண்டை எடுத்துக் கடல்தண்ணித் தொட்டிக்குள்ளை விட்டவன். ரெண்டும் போச்சுது. பிறகு எல்லாரிலையும் பாய்ஞ்சான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அத்தான் சப்பாத்தைக் கழற்றுவதில் அதிகக் கவனம் செலுத்தினார்.

"என்ரை மச்சாள் றாலுக்குத் தொத்தோரெஸ்ஸா எண்டு சொன்னனான்."

"டாக்குத்தர் இல்லை அத்தான். டிப்ளோமா."

"அவனுக்கு வித்தியாசம் தெரியாது. சனங்கள் பாக்க உயிரோடை மேசைக்கு வந்தால், அடுத்த கிழமை என்னை அடுப்படிக்கு எடுக்கிறானாம். செத்தால், தான் செத்த பிறகும் நான் கோப்பைதான் கழுவ வேணுமாம்."

இந்த இடத்தில் அக்கா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். அன்று கந்தசஷ்டி விரதம் தொடங்கிய நாள். ஆறு நாளும் காலையும் மாலையும் தலைமுழுக்கு, பாலும் பழமும் மட்டும். வீட்டுக்குள் மச்சம் கூடாது. மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அதில் அடங்கும். விரதத்துக்கு முந்தைய நாளே சட்டி பானைகளைத் தேய்த்து, குளிர்சாதனப் பெட்டியைக் கழுவி, அத்தானின் நெத்தலிக் கருவாட்டைக் கீழ்வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சஷ்டியும் அதுவுமா வீட்டுக்குள்ளை மச்சத்தைக் கொண்டந்து வைச்சிருக்கிறியளே! உங்களுக்கு விசரே?"

"இஞ்சரப்பா, உயிரோடை இருக்கிறது மச்சமில்லை. பிராணி. கோயில்லை மயில் நிக்கேல்லையே?"

"மயிலை ஆர் பிரட்டல் கறி வைக்கிறது?"

"நாங்களும் இதை வைக்கப்போறேல்லையே. பத்ரோனேதானே வைக்கப்போறான்."

அக்கா நெடுநேரம் யோசித்தாள். அவளுக்கும் அத்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். சோடாவிலும் சவர்க்காரத்திலும் வெடித்த அவருடைய விரல்களுக்கு எண்ணெய் பூசுகிறவள் அவள்தான். கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். உயிரோடு இருக்கும் வரை அது பிராணி. செத்த கணத்தில் அது மச்சம். ஒன்று செத்தாலும் பெட்டி, இறால், அத்தான் எல்லாம் வீட்டுக்கு வெளியே.

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. தேவை மூன்று: இடம், காற்று, சூடு. இடத்துக்குக் குளியல் தொட்டி. காற்றுக்குப் பெட்டியோடு வந்த சிறிய மோட்டர். தண்ணீர், அதைச் சேர்த்து வைக்கும் கூரைத் தாங்கியிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் தண்ணீர் திறப்பார்கள் என்பதால், அது தாங்கியில் கிடந்து குளோரின் வாசம் போயிருந்தது. பலெர்மோ நகரசபையை நான் நன்றியோடு நினைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

சூடுதான் சிக்கல். வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி ஒன்று. அது முப்பத்தைந்தில் தொடங்கும். அது எதையாவது காட்டுகிற நேரத்தில் இறால் வெந்து முடிந்திருக்கும். அக்கா, பிள்ளை குளிப்பாட்டுகிற மாதிரி, முழங்கையை விட்டுப் பார்த்து "இது பதம்" என்றாள். பிள்ளைக்கு அது பதம்தான். இறாலுக்குச் சொதி.

மருந்துக் கடைக்குப் போய்க் குழந்தை குளிப்பாட்டும் மிதக்கிற வெப்பமானி கேட்டேன்.

"பிள்ளைக்கு எத்தனை மாதம்?" என்று கடைக்காரப் பெண் சிரித்தபடி கேட்டாள்.

"சரியாகத் தெரியாது" என்றேன். அவளுடைய சிரிப்புப் போய்விட்டது.

அந்த வெப்பமானியில் முப்பத்தேழுக்குப் பக்கத்தில் சிரிக்கும் குழந்தையின் படம். இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் அழும் குழந்தை. நாங்கள் அந்த அழும் குழந்தையைக் குறிவைத்தோம்.

மின்சார வெந்நீர்ப் பெட்டியையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் ஒன்றாகப் போட்டால் மாடி முழுக்க இருண்டுவிடும். ஆகவே சட்டைகள் கசங்கியே கிடந்தன. குடிதண்ணீர்ப் போத்தல்களில் வெந்நீர் நிரப்பித் தொட்டியில் மிதக்கவிட்டோம். ஆறியதும் எடுத்து மாற்றுவது அக்காவின் பொறுப்பு, அவளாகவே எடுத்துக்கொண்டது. அவளுடைய தலைமுழுக்கு, சமைக்கும் குசினியின் மூலையில், வாளியில், பச்சைத் தண்ணீரில். பல் கிடுகிடுக்க முருகா முருகா என்று அவள் குளிக்கிற சத்தமும், பக்கத்து அறையில் வெந்நீரில் இறால்கள் உலாவுகிற சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கும்.

"முருகா, இதுகளுக்கு ஒண்டும் வந்திடக் கூடாது" என்று அவள் விளக்கின் முன்னால் வேண்டிக்கொண்டதை நானே கேட்டேன். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள் குரலில் அந்த உருக்கம் இருக்கவில்லை.

கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா கருவாட்டைப் பற்றிக் கேட்க வந்து, இறால்களைப் பார்த்துவிட்டு, படுக்கையில் வைக்கும் இரண்டு ரப்பர் வெந்நீர்ப் பைகளைக் கொண்டுவந்து தந்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர் போலத் தொட்டியருகே கை கட்டி நின்றுவிட்டுப் போனார்.

இறால்கள் நன்றாக இருந்தன. தேவைக்கு மேலேயே நன்றாக இருந்தன. வியாழக்கிழமை அக்கா குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"எடி, இஞ்சை ஓடி வா. ஒண்டு குறையுது."

எண்ணிப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது.

"பாய்ஞ்சு வெளியிலை விழுந்திருக்கும்" என்றார் அத்தான்.

தொட்டிக்கு அடியில் பார்த்தோம். வாளிக்குள் பார்த்தோம். அத்தான் தன் சப்பாத்துக்குள்ளும் பார்த்தார். பிறகு தொட்டியின் அடியில் ஓட்டுத் துண்டு ஒன்றும் ஒரு நீலக் கொடுக்கும் கிடப்பதை நான் கண்டேன். பக்கத்தில் பெரிய ஆண் இறால் ஒன்று மிகவும் அமைதியாக நின்றது.

"மற்றது திண்டிட்டுது" என்றேன்.

அக்கா சுவரில் சாய்ந்தாள். "சஷ்டியிலை. என்ரை குளியலறைக்குள்ளை. மச்சம் திண்டிருக்கு."

"அது செத்ததும் போச்சுதப்பா, இப்ப சவமும் இல்லை" என்று அத்தான் சமாதானம் சொன்னார். "உயிருள்ள பிராணிக்குள்ளைதானே கிடக்கு. உன்ரை சட்டப்படி அது மச்சமில்லை."

அக்கா தன் சட்டத்தின் இந்த ஓட்டையை எதிர்பார்த்திருக்கவில்லை. ஓட்டுத் துண்டையும் கொடுக்கையும் காகிதத்தில் சுற்றிக் கீழே கொண்டுபோகச் செய்தாள். மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்தவளை நான் தொட்டிக்கு முன்னால் நின்று தடுத்தேன்.

பிழை எங்கே என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் படித்தது இறாலை வளர்க்க. வளர்கிற இறாலுக்கு இருபத்தெட்டுப் பிடிக்கும், ஏனென்றால் அந்தச் சூட்டில் அதற்குப் பசிக்கும், பழைய ஓட்டைக் கழற்றிப் புதியது போட்டுக்கொள்ளும், இடத்துக்காகச் சண்டை பிடிக்கும். ஓடு கழற்றிய இறால் ஒரு பொழுதுக்கு வெறும் தசை. பக்கத்தில் நிற்பவனுக்கு அது சாப்பாடு. எங்கள் இறால்கள் வளரத் தேவையில்லை. அடுத்தவனைச் சாப்பாடாகப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை வரை தூங்கினால் போதும்.

"சூட்டைக் குறைப்பம்" என்றேன். "இருபத்தொண்டு, இருபத்திரண்டு."

அத்தானுக்கு முகம் வெளுத்தது. "குளிர்ந்தால் சாகுமெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம். கூடக் குளிர்ந்தால் சாகும். கொஞ்சம் குளிர்ந்தால் தூங்கும்."

"இடையிலை எவ்வளவு இடைவெளி?"

"கொஞ்சம்."

"மச்சாள், அந்தக் கொஞ்சத்துக்குள்ளைதான் என்ரை அடுப்படி கிடக்கு. கவனம்."

போத்தல்களை ஒவ்வொன்றாகக் குறைத்தோம். வெள்ளிக்கிழமை அவை நடக்கவே பஞ்சிப்பட்டுச் சோம்பி நின்றன. சனிக்கிழமை கொடுக்குகளை மடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, மதிய நேரத்து அரச அலுவலகம் மாதிரிக் கிடந்தன. எண்ணிக்கை குறையவில்லை. அத்தான் மட்டும் நிலம் கூட்டும் தும்புத்தடியோடு உள்ளே போய், மெதுவாகத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். "மீசை ஆடுது" என்பார். திரும்பவும் போவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியே வந்தார். திருமணத்துக்காக நல்ல உடுப்பு, கழுத்தில் பட்டு டை. மூன்று மாடி ஏறிய களைப்போடு தொட்டிக்கு மேல் குனிந்தார். நிமிர்ந்தார்.

"மோர்த்தி" என்றார். செத்துவிட்டன.

அத்தான் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். தன் கைகளைப் பார்த்தார்.

"தூங்குகின்றன" என்றேன் இத்தாலிய மொழியில்.

"இறால் தூங்குமா, தொத்தோரெஸ்ஸா?"

"எழுப்பலாம். ஆனால் அவசரப்படுத்த முடியாது. சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும்."

"எனக்கு இருநூறு பேர் வருகிறார்கள்!"

"அவற்றுக்கு அது தெரியாது" என்றேன்.

வெந்நீர்ப் போத்தல்களை மிதக்கவிட்டேன். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இருக்க வேறு இடமில்லாததால் அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குடித்தார். அத்தான் கதவோரம் நின்று, அக்காவைப் போலவே உதடு அசைத்துக்கொண்டிருந்தார். அழும் குழந்தையை நோக்கிச் சிவப்புக் கோடு மெல்ல ஏறியது.

முதலில் ஒரு மீசை. பிறகு ஒரு கால். முதலாளி நன்றாகப் பார்க்கக் குனிந்தார். டையின் நுனி தண்ணீரைத் தொட்டது. அந்தப் பெரிய ஆண் இறால் கொடுக்கை உயர்த்தி, அவசரமில்லாமல், அதைப் பிடித்துக்கொண்டது.

முதலாளி சிசிலியப் பேச்சில் கத்தினார். நிமிர்ந்தார். டையோடு இறாலும் தண்ணீருக்கு வெளியே வந்தது. தேத்தண்ணி கொட்டியது. அக்கா காதைப் பொத்தினாள், ஏனென்றால் அந்த வார்த்தைகள் விரத நாளுக்கு உகந்தவை அல்ல. நான் இறாலைப் பின்னாலிருந்து பிடித்து விடுவித்தேன். முதலாளி நனைந்த டையைப் பார்த்தார், தொட்டிக்குள் விழித்துக்கொண்ட கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அத்தானைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

அடுத்த கிழமை அத்தான் அடுப்படிக்குப் போனார். முதல் நாள் வேலை முடிந்து வந்தவரைப் பார்க்க நாங்கள் இருவரும் கதவிலேயே நின்றோம். சிவந்த முகம், ஒட்டிய சட்டை. கதிரையில் விழுந்தார்.

"எப்பிடியப்பா அடுப்படி?" அக்கா கேட்டாள்.

"அதுக்குள்ளை மனிசன் நிக்கேலாது. நாள் முழுக்கக் கத்தரிக்காய் பொரிக்க விட்டவன். யன்னல் திறக்கக் கூடாதாம், நெருப்பு ஆடுமாம். கோப்பை கழுவேக்கை பின்கதவாலை துறைமுகக் காத்து என்ன வடிவாய் வரும்!" என் பக்கம் திரும்பினார். "மச்சாள், மனிசருக்கு எத்தினை பாகை சரி?"

"அதை நான் படிக்கேல்லை, அத்தான்."

"ஆர் படிச்சாலும் படிக்காட்டியும்," என்றபடி அக்கா அவருடைய மாற்றுச் சட்டையை ஸ்திரிக்கை போட எடுத்தாள், "நாளைக்கும் போங்கோ."